கேட்டருகே பதினாறு நாள்

பொன்னுரங்கத்துக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டுமாம். அறுபத்தொரு வயது, காவி கட்டிப் பதினாலு மாதம், இந்த நேரத்தில் போய் இப்படி ஓர் ஆசை! அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மடத்து கேட்டுக்கு எதிரே மாரப்பனின் டீக்கடை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த பெட்டை நாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மிஞ்சியது ஒரே ஒரு செவலைக் குட்டி. பொன்னுரங்கத்தைக் கண்டால் போதும், வாலோடு சேர்ந்து உடம்பே ஆடும். தன்னைப் பார்த்து ஒரு ஜீவன் இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார்.

வேதவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் மடத்துக்குத் தலைவி, பொன்னுரங்கத்துக்கு குரு. வயதில் மகளாக இருக்கலாம். இவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

“அம்மா, அந்தக் குட்டியை நான் வளர்க்கலாமா? அதுக்கு நான் தயாரா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“என் சோத்துல பாதி போடுவேன். குளிப்பாட்டுவேன். மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடறேன். மத்தவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

“அதுக்கு நீங்க செய்யறதைச் சொல்லிட்டீங்க. அது உங்களுக்கு என்ன செய்யும்?”

“காத்துக்கிட்டிருக்கும்மா. நான் எங்கே போனாலும், திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும்.”

அம்மா கீரைத்தண்டை ஒடித்து முறத்தில் போட்டார்.

“நாளையிலேருந்து தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு மடத்து கேட்டுப் பக்கத்துல நில்லுங்க. நான் வருவேன்.”

“எதுக்கும்மா?”

“வருவேன். அவ்வளவுதான்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நடைப்பயணம் புறப்படுகிறவர் விடியற்காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். எங்கே போகிறார், எப்போது வருவார் என்று மற்றவர்கள் கேட்கவும் கூடாது. வீட்டைத் துறந்து மடத்தில் சேருகிறவர்களும் அப்படித்தான், வீட்டில் சொல்லாமல் வர வேண்டும். அப்படி வந்தவருக்கு குருபூஜையன்று முதல் கரண்டிப் பாயசம்.

போன வருஷம் அந்தப் பாயசம் பொன்னுரங்கத்துக்குத்தான் கிடைத்தது. மனைவி இறந்த பிறகு ஒரே மகள் செல்வராணியோடு இருந்தவர். அவள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், செருப்புக்கூடப் போடாமல் கிளம்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் கடிதமும் கிடையாது, போனும் கிடையாது. பாயசத்தைக் கையில் வாங்கியபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல எனக்கே வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

முதல் நாள் சரியாக ஐந்தரைக்கு அம்மா வந்தார். ஒரு பிடி வேர்க்கடலையை அவர் கையில் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து மடத்துக்குள் நடந்தார்கள். மறுநாளும் அப்படியே. பொன்னுரங்கம் முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், ஒரு நிமிஷம் பிசக மாட்டார். நாலாம் நாள் ஐந்து மணிக்கே போய் நின்றார். ஆறாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே கால் தரிக்கவில்லை. யாராவது கேட்டால், “குரு உத்தரவு” என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே அது அம்மாதான் என்று தெரிந்துவிடும்.

ஏழாம் நாள் அம்மா வரவில்லை.

இருட்டிய பிறகு சமையல்கார முத்தையன் தேடிக்கொண்டு வந்தார். “என்ன இங்கேயே நிக்கிறீங்க? அம்மா விடியக்காலமே புறப்பட்டுட்டாங்களே.”

“எங்கே?”

“அட, பாயசம் வாங்கின ஆளு கேக்கற கேள்வியா இது?” முத்தையன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாளும் ஐந்தரைக்குப் பொன்னுரங்கம் கேட்டருகே நின்றார். வருவேன் என்று சொன்னவர் அல்லவா? அதற்கு மறுநாளும் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். போய்விட்டவர் இன்றைக்கு வர மாட்டார் என்று புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லையே!

நின்ற இடத்தில் என்னென்னவோ தோன்றியது. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? துறவிக்கு நாய் எதற்கென்று வெறுத்துப் போய்விட்டாரா? வழியில் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

மாரப்பன் ஒரு நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். “சாமி, கோழிப்பண்ணைக்காரர் இதைக் கேக்கறார். நீங்க எடுத்துக்கறீங்களா, குடுத்துடட்டுமா?”

“அம்மா வரட்டும் மாரப்பா.”

“எப்ப வருவாங்க?”

அம்மா போன பத்தாம் நாள், குட்டி ஒரு மொபெட்டின் முன்பக்கம் உட்கார்ந்து போயிற்று. அது இவரைப் பார்த்து வாலை ஆட்டியதா, கத்தியதா என்றுகூட இவர் கவனிக்கவில்லை. கண் முழுக்க ரோட்டின் மறுகோடியில். வண்டி மறைந்த பிறகுதான் உறைத்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அம்மா போன பதினாறாம் நாள் சாயங்காலம் டவுன் பஸ் வந்து நின்றது. அம்மா மெதுவாக இறங்கினார்.

அறுபத்தொரு வயது மனுஷன் ஓடினார். பையைப் பிடுங்கிக்கொண்டார். “வந்துட்டீங்களாம்மா, வந்துட்டீங்களா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“மடத்து வழக்கம்தானேய்யா.”

“வழக்கமாவது மண்ணாவது! எங்கேயாவது விழுந்து செத்துட்டீங்களோன்னு நினைச்சேன். நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன். பதினாறு நாளா ஒரு வாய் சோறு இறங்கலை.”

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குட்டியும் போச்சும்மா. கோழிப்பண்ணைக்குக் குடுத்துட்டாங்க.”

“அடடா.” அம்மாவின் முகம் வாடிவிட்டது. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

“சரி, அது போகட்டும். வேற குட்டி கிடைக்காமலா போகும்? இப்பவாவது சொல்லுங்க. ஒரு நாயை வளர்க்க நான் தயாரா?”

“உங்க ஊருக்குத்தான் போயிருந்தேன்,” என்றார் அம்மா.

பொன்னுரங்கம் பையைக் கீழே வைத்தார்.

“செல்வராணி...?”

“இருக்கா. வேலைக்குப் போறா, வர்றா. தண்ணி கேட்டு நின்னேன். மழையா இருக்கு, தங்கிட்டுப் போங்கன்னா. ரெண்டு நாள் தங்கினேன்.”

“நான் இங்கே இருக்கேன்னு சொன்னீங்களா?”

“வாய் வரைக்கும் வந்துது. சொல்லலை. அது நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை.”

“என் மேல ரொம்பக் கோபமா இருப்பா.”

“கோபமே இல்லைய்யா. தான் என்ன தப்புப் பண்ணினோம்னு யோசிச்சுக்கிட்டிருக்கா.”

பொன்னுரங்கம் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாரப்பன் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

“அப்ப நம்ம வழக்கமே தப்பாம்மா?”

“தெரியலை. வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்.”

பொன்னுரங்கம் தலையைத் தூக்காமலே கேட்டார். “வேற என்ன சொன்னா?”

“தனியா இருக்கற பொண்ணு, ராத்திரி வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமப் படுக்கறா. ஏம்மா இப்படின்னு கேட்டேன். எங்கப்பா வந்து தட்டினா, அசந்து தூங்கறதுல எனக்குக் கேக்காமப் போயிடுமேன்னு சொன்னா.”