சென்னியப்பன் எழுதித் தராத இரண்டு ஏக்கர்

முதலில் வார்த்தை மாறியவன் சென்னியப்பன்தான்.

இரண்டு ஏக்கர் நிலத்துக்கு மாரப்பனிடம் அச்சாரம் வாங்கினான். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டான். கிரயம் செய்யக் குறித்த நாளில் மாரப்பன் மீதிப் பணத்தோடு பதிவு அலுவலகத்தில் காலை முதல் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தும்வரை சென்னியப்பன் வரவில்லை. மறுநாள், "விற்கிற எண்ணம் இல்லை" என்று சொல்லி அனுப்பினான்.

அந்தப் பணத்துக்காகத்தான் மாரப்பன் குடியிருந்த வீட்டை விற்றிருந்தார். மனைவி பாவாயியைக் காங்கயத்தில் அவள் அண்ணன் வீட்டில் விட்டு, "பத்திரம் முடியட்டும், தை மாசம் வந்து கூட்டிப் போறேன்" என்று சொல்லியிருந்தார்.

வழக்குப் போட்டு ஒன்பது தை போய்விட்டது. ஈரோட்டில் வாடகை அறை. ஒருவருக்கு மட்டும் அரிசி.

மலையடிவாரத்துக் குடிசையில் இருந்த துறவி அம்மாவிடம் வழக்குக் கட்டோடு போய் நின்றார்.

"அந்தப் படுபாவியை நினைச்சாத் தூக்கமே வர்றதில்லீங்கம்மா."

அம்மா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சொன்ன சொல்லை மீறுனவனைக் கோர்ட்டு என்ன செய்யும்?"

"மூணு வழிங்க. அச்சாரத்தை வட்டியோட திருப்பி வாங்கலாம். நஷ்டஈடு கேட்கலாம். இல்லைன்னா, சொன்னபடி எழுதிக் குடுன்னு கோர்ட்டே அவனைச் செய்ய வைக்கும்."

"நீ எதைக் கேட்டே?"

"மூணாவது. பணம் யாருக்கு வேணும்? எனக்கு அந்த மண்ணுதான் வேணும்."

"கேட்டவுடனே குடுத்துருவாங்களா?"

"அதெப்படிங்க. அன்னையிலிருந்து இன்னைவரைக்கும் நான் தயாரா இருந்தேன்னு காட்டணும். மீதிப் பணம் அப்படியே பேங்குல கிடக்குது. கூரை ஒழுகுது, தொடலை. கண்ணு மங்குது, தொடலை."

"கெட்டிக்காரன்தான்."

மாரப்பன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன பூசத்துக்குப் பாவாயி இங்க வந்திருந்தா" என்றாள் அம்மா.

"என்னைப் பத்திக் குறை சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை. கையில ஒரு மஞ்சப் பை. சாமி கும்பிடறப்பவும் கீழ வைக்கலை. என்னடி அதுலன்னு கேட்டேன்."

"என்னவாம்?"

"ரெண்டு சேலை. ஒரு சொம்பு. எங்க போனாலும் எடுத்துட்டுத்தான் போறாளாம். கூட்டிட்டுப் போறவங்க எந்நேரம் வருவாங்கன்னு தெரியாதாம்."

அம்மா அடுத்த புளியை எடுத்தாள்.

மாரப்பன் வழக்குக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

நாளைக்கு ஈரோடு கோர்ட்டில் வாய்தா. ஈரோடு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

அடுத்து வந்தது காங்கயம் பஸ். அதில் ஏறினார்.

சென்னியப்பன் இன்னும் எழுதித் தரவில்லை.