வீரணக்கோன் விட்டுவந்த அண்டா

ஆற்றுக்குப் பாலம் போடலாம் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது. ஒரு கண்மாய்க் கரையில் நான்கே வீடுகள். நான்கிலும் ஆடு மேய்ப்பவர்கள். நான்காவது வீடு வீரணக்கோனுடையது. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு சாமானைக் கண்டால் கை சும்மா இருக்காது.

ஏழு வருஷம் மழை ஏமாற்றவில்லை. புல்லைத் தேடி அலைந்தவர்கள் சுவர் எழுப்பி உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாம் வருஷம் மழை இல்லை.

கண்மாயில் கொக்குகள் இல்லாமல் போனதும் முதல் வீட்டார் கிளம்பினார்கள். கல் உரலைச் சுமக்க முடியாது என்று போட்டுவிட்டுப் போனார்கள். வீரணக்கோன் அதைத் தன் வாசலுக்கு உருட்டிவந்தார். தண்ணீர் வற்றிச் சேறானதும் இரண்டாம் வீட்டார் கிளம்பினார்கள். அவர்களுடைய தேக்குக் கதவு இவர் வீட்டுக்கு வந்தது. சேறும் வெடித்ததும் மூன்றாம் வீட்டார் போனார்கள். அவர்களுடைய பித்தளை அண்டாவும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு தடவையும் மனைவி உடையாள், நாமும் கிளம்புவோம் என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர், இப்போதுதானே வீடு நிறைகிறது என்றார். கடைசியில் அந்த ஊரிலேயே பெரிய பணக்காரர் அவர்தான். போட்டிக்குத்தான் ஆள் இல்லை.

பிறகு கிணறும் வற்றியது. ஆற்றுக்கு மூன்று நாள் நடை. கிளம்பியே ஆகவேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இடம் மாறும்போது, பிறந்து சில நாளே ஆன குட்டிகளைக் கழுதையின் இருபுறமும் தொங்கும் கூடைகளில் வைத்து முன்னால் ஓட்டுவார்கள். குட்டியின் சத்தம் கேட்டால்தான் தாய் பின்னால் வரும். தாய்கள் நடந்தால்தான் மந்தை நடக்கும். வீரணக்கோனிடம் மூன்று கழுதைகள் இருந்தன. அந்த வாரம் பதினெட்டுக் குட்டிகள் பிறந்திருந்தன. இவ்வளவும் தெரிந்த மனிதர், கூடைகளைக் கழற்றிவிட்டு ஒரு கழுதைமேல் உரலையும் ஒன்றின்மேல் கதவையும் ஒன்றின்மேல் அண்டாவையும் ஏற்றினார். குட்டிகள் மெதுவாக நடந்து வரட்டும் என்றார்.

கழற்றிய கூடைகளை உடையாள் தன் தலையில் அடுக்கிக்கொண்டு நடந்தாள்.

அரைக் காதம் போவதற்குள் குட்டிகள் படுத்துவிட்டன. தாய்கள் பக்கத்தில் நின்றன. மந்தையும் நின்றது. வீரணக்கோன் முணுமுணுத்துக்கொண்டே உரலை இறக்கினார். ஆறு குட்டிகள் கூடையேறின. மற்ற தாய்கள் அசையவில்லை. கதவை இறக்கினார். இன்னும் ஆறு ஏறின. மிச்சம் ஆறு குட்டிகள், ஓர் அண்டா.

அவர் அண்டாவைத் தடவிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு குட்டிதானே, கிடக்கட்டும் என்றார்.

அப்போதுதான் உடையாள் வாய் திறந்தாள்.

“குட்டிய விட்டா தாய் வராது. தாய் நின்னா மந்தை வராது. அண்டா மட்டும்தான் உங்க கூட வரும். அதுல யாருக்குங்க சமைக்கப் போறீங்க?”

வீரணக்கோன் திரும்பிப் பார்த்தார். நானூறு ஆடுகள் நாக்கு வறண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்டாவை இறக்கி ஒரு வேலமரத்தடியில் வைத்தார். கடைசிக் குட்டியைத் தன் கையாலேயே கூடையில் வைத்தார். அதன் தாய் ஓர் அடி எடுத்து வைத்தது. மந்தை மொத்தமும் நகர்ந்தது.

மூன்றாம் நாள் பதினெட்டுத் தாய்களும் ஆற்றில் வாய் வைத்தன. பதினெட்டுக் குட்டிகளும் மடி முட்டின.

அடுத்த வருஷம் மழை பெய்தது. அந்த வழியாகத் திரும்பி வரும்போது, வேலமரத்தடியில் அண்டா அப்படியே இருந்தது. உள்ளே விளிம்புவரை மழைத்தண்ணீர் நின்றது. ஆடுகள் முண்டியடித்துக் குடித்தன. எடுத்துப்போகலாமா என்று உடையாள் கேட்டாள்.

“இருக்கட்டும். நமக்குப் பின்னால வர்ற மந்தையும் குடிக்கணும்ல” என்று சொல்லிவிட்டு, வீரணக்கோன் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கிளம்பவேண்டிய நேரம் வந்தால் உயிருள்ளதைத் தூக்கிக்கொண்டு, மற்றதை இறக்கி வைத்துவிட்டு நடப்பவரே ஊர் போய்ச் சேருவார்.