உப்புத் தண்ணிக்கு ஒரு ரீல்

நார்த்தங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள், அவ்வளவுதான். ஒரு தடவை பஸ் கண்டக்டர், "இறங்குறவங்க கடைசி நேரத்துல எந்திரிக்காதீங்க, முன்கூட்டியே எந்திரிச்சு நில்லுங்க" என்று சத்தம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊர்க்காரர் எவரும் பஸ்ஸில் உட்கார்ந்தது கிடையாது. வண்டி காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் திருநெல்வேலி வரைக்கும் போவார்கள். எப்படியும் ஒரு இடத்தில் இறங்கத்தானே வேண்டும்?

ஊர் மொத்தத்துக்கும் ஒரே தொழில், ஊறுகாய். நார்த்தங்காயைக் கீறி, உப்பை அடைத்து, ஜாடியில் போட்டு, தினமும் காலையில் குலுக்கி, நடுநடுவே மொட்டை மாடியில் காயவைத்து எடுப்பார்கள். அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் உப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜாடிக்குள்ளே நடக்கிற சமாச்சாரம் மட்டும்தான். கடல் அங்கிருந்து ரொம்ப தூரம்.

அந்த ஊர் வெயிலுமுத்து, கடலோரத்துச் சங்குத்துறைக்கு ஊறுகாய் கொண்டுபோய் விற்று வந்தவன். அங்கே சுயம்புக்கனி என்று ஒரு பெண் ஒரு நாள் ஊறுகாயை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் கூட" என்றாள். ஊறுகாயில் உப்புக் கூட என்று அவனிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை. அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்தது. அது ஏன் என்று கேட்டால், "பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி" என்று மட்டும் சொல்வாளாம்.

இடைஞ்சல் அவளுடைய அப்பாவிடம் இருந்தது. தங்கப்பழம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எந்தத் தேசத்திலோ ஒரு பித்தையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மண்புழு இல்லை, இறால் இல்லை. முள்ளில் கோழி இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி ஆக்கி, கனத்த நூலைச் சாட்டை வீசுகிற மாதிரி முன்னும் பின்னும் வீசி, கழிமுகத்தில் நின்று பாறை மீன் பிடிப்பார். மற்றவர்கள் வலை போட்டுக் கூடை கூடையாக அள்ளுகிற நேரத்தில் இவருக்கு ஒரு மீன் கிடைக்கும். அன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப்பட்டவருடைய கம்பில் நூல் சுற்றுகிற ரீல் உப்பரித்து இறுகிப்போய்விட்டது. மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெண் கேட்டு வந்த வெயிலுமுத்துவை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒரு ரீல் வேணும். நீயே பார்த்து எடுத்துட்டு வா. நீ எப்படிப்பட்ட ரீலைக் கொண்டாறேன்னு பார்த்துத்தான் பொண்ணு கொடுக்குததைப் பத்தி யோசிப்பேன்."

"சரிங்கய்யா."

"உப்புத் தண்ணியத் தாங்கணும், மொதல்ல அது. மீன் இழுத்தா நூல் போகணும், ஆனா சும்மா உருவிட்டுப் போயிரக் கூடாது. மீன் களைக்கிற வரைக்கும் பிடிச்சு நிக்கணும். கடைக்காரன் சொல்லுதான்னு வாங்கிராத. சோதிச்சுப் பார்த்து வாங்கு."

வாசலில் சுயம்புக்கனி மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா சொன்னதுல நீங்க ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவுக சொன்னதை அப்படியே செய்யுங்க. மத்ததை நான் பார்த்துக்கிடுதேன்."

பாவம், யாரிடம் போய் எதைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரீலைத் தேர்ந்தெடுப்பது ஒருத்தன் வேலையில்லை என்று வெயிலுமுத்து இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டான். மாசானம், ஊரிலேயே யோசிக்கிறவன். கொம்பையா, யோசிக்காதவன். மூன்று பேரும் பஸ்ஸில் நின்றுகொண்டே டவுனுக்குப் போய், மிக்கேல் அண்ணாச்சியின் தூண்டில் கடையில் இறங்கினார்கள்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று ரீல்களை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்தா, இது குளத்துக்குப் போதும். இது ஆத்துக்கு. இது கடலுக்குன்னே செஞ்சது. ஒரே அலுமினியக் கட்டியில கடைஞ்சு எடுத்திருக்கான். உள்ளே பிரேக் இருக்குற இடத்தை ரப்பர் வச்சு மூடியிருக்கான், சொட்டுத் தண்ணி போகாது. தங்கப்பழத்துக்குத்தானே? இதைக் கொண்டு போங்க."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நீங்களோ நானோ என்றால் அந்த மூன்றாவதை வாங்கிக்கொண்டு ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"கடைக்காரர் சொல்லுதாருன்னு வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றான் வெயிலுமுத்து.

"சோதிக்கணும்" என்றான் மாசானம். "மீன் இழுத்தா நூல் எப்படிப் போகுதுன்னு பார்க்கணும். அதுக்கு ஒரு மீன் வேணும்."

மூவரும் கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். தூண்டில் கடையில் எல்லாம் இருந்தது, மீன் மட்டும் இல்லை. கடைசியில் எல்லாருடைய கண்ணும் கொம்பையாவிடம் வந்து நின்றது.

"நான் மீனா இருக்கேன். ஆனா மீன் என்னல செய்யும்?" என்று கேட்டான் கொம்பையா.

"ஓடும். பேசாது. களைச்சாத்தான் வரும்" என்றான் மாசானம்.

அண்ணாச்சி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெயிலுமுத்து கடல் ரீலை ஒரு கம்பில் பூட்டிப் பிடிக்க, நூல் நுனியைக் கொம்பையா வாயில் கடித்துக்கொண்டு தெருவில் பாய்ந்தான். ரீல் கிர்ரென்று பாடியது. நூல் சீராகப் போயிற்று, உருவிக்கொண்டும் போகவில்லை, அடம்பிடித்தும் நிற்கவில்லை. அருமையான ரீல். கொம்பையா காய்கறிக் கடையைத் தாண்டி, தபாலாபீஸைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு முனையில் உள்ள டீக்கடை வரைக்கும் போய், நூல் தீர்ந்ததால் நின்றான். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நூலுக்கு அடியில் குனிந்து போனார்கள்.

"போதும், வால!" என்று கத்தினான் வெயிலுமுத்து.

கொம்பையா உதட்டை மட்டும் திறந்து திறந்து மூடினான்.

மாசானம் ஓடிப்போய்க் கேட்டான்: "களைச்சிட்டியால?"

அதற்கும் உதட்டைத் திறந்து மூடினான். பற்களுக்கிடையில் நூல் பத்திரமாக இருந்தது. டீக்கடைக்காரர் பரிதாபப்பட்டு ஒரு வடையை நீட்ட, அதை வாங்கி நூல் இல்லாத கடைவாயில் அதக்கிக்கொண்டான். மாசானம் கடைக்குத் திரும்பி வந்து, "மீன் வடை தின்னுது. களைக்கிறதுக்கு நேரமாகும்" என்று தகவல் சொன்னான்.

வெயிலுமுத்து கம்பை இறக்கவே இல்லை. களைக்கிற வரைக்கும் பிடித்து நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரே. கை கடுத்தது, முதுகு வலித்தது, சுயம்புக்கனியை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கொம்பையாவுக்குத் தூக்கம் வந்துவிட, சுருட்டச் சுருட்டத் தள்ளாடித் தள்ளாடி நடந்து கடைக்குள் வந்து படுத்துக்கொண்டான்.

"இழுவை பாஸ்" என்றான் மாசானம். "இனி உப்பு."

அண்ணாச்சிக்கு அவர்கள் போனால் போதும் என்று ஆகிவிட்டது. "மூணையும் எடுத்துட்டுப் போங்கய்யா. எப்படி வேணும்னாலும் சோதிச்சுக்கோங்க. வேண்டாததைத் திருப்பிக் கொண்டாங்க. ஒரு கீறல் விழக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

ஒரு பொருள் உப்பைத் தாங்குமா என்று கண்டுபிடிக்க நார்த்தங்குளத்தில் ஒரே வழிதான் உண்டு. வெயிலுமுத்துவின் வீட்டில் பெரிய ஜாடியைக் கழுவித் துடைத்துக் காயவைத்தார்கள். மூன்று ரீல்களையும் முறத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல கீறணும்" என்றான் கொம்பையா. "கீறாம உப்பு உள்ளே இறங்காது."

"கீறல் விழக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரே" என்றான் வெயிலுமுத்து.

மாசானம் வெகுநேரம் தாடையைத் தடவினான். "அப்போ முழுசாப் போடுவோம். எலுமிச்சையை முழுசாப் போடுறதில்லையா? நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும், வேறொண்ணுமில்ல."

கல் உப்பு ஒரு வரிசை, ரீல் ஒரு வரிசை. மஞ்சள் தூள், வறுத்த வெந்தயம், பெருங்காயம், மிளகாய்ப் பொடி. வெறும் உப்பில் போட்டால் பூசணம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மேலே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற்றி ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினார்கள். தினமும் காலையில் வெயிலுமுத்து ஜாடியைக் குலுக்குவான். உள்ளே கடகடவென்று கேட்கும். மூன்றும் கெட்டுப்போனால் அவன் கல்யாணமும் சேர்ந்தல்லவா கெட்டுப்போகும்? அவளை வேறு எவனுக்காவது கொடுத்துவிடுவார்களே என்று நினைத்து ஒரு நாள் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவே அழுதான். வெயில் நல்ல உச்சத்தில் இருந்த நாட்களில் மாடியில் பாய் விரித்து ரீல்களைக் காயவைத்தான். காக்கா கொத்தாமல் பக்கத்தில் கம்போடு உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து மூன்றையும் எடுத்துக் கழுவினார்கள். குளத்து ரீல் சுற்றவே மறுத்தது. ஆற்று ரீலின் திருகாணியெல்லாம் பச்சை பூத்து, சுற்றினால் மாவு அரைக்கிற சத்தம் போட்டது. கடல் ரீலை வெயிலுமுத்து விரலால் தட்டினான். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற இரண்டையும் மாசானம் கடையில் திருப்பிக் கொடுத்தான். அண்ணாச்சி கையில் வாங்கினார், மோந்து பார்த்தார்.

"கீறல் இருக்கான்னு நல்லாப் பாருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் ஒன்றுகூட இல்லை.

வெயிலுமுத்து கடல் ரீலை வாழை இலையில் சுற்றிச் சங்குத்துறைக்குக் கொண்டுபோனான். தங்கப்பழம் பிரித்தார். மூக்கு விடைத்தது.

"பெருங்காயம் வாசம் வருதே தம்பி."

"ஆமாய்யா. வெந்தயமும் கொஞ்சம் போட்டிருக்கு."

அவர் ரீலைக் கம்பில் பூட்டி, கழிமுகத்துக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசினார். நாலைந்து வீச்சிலேயே ஒரு பாறை மீன் அடித்துக்கொண்டு ஓடியது. ரீல் கிர்ரென்று பாடியது. மீன் ஓட, இவர் விட, இவர் சுருட்ட, மறுபடியும் அது ஓட, கரையில் நின்ற வெயிலுமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அவர் மீனைக் கையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிப்பா சோதிச்ச?"

வெயிலுமுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ஜாடி, உப்பு, குலுக்கல், மாடி, காக்கா எல்லாம் சொன்னான். தங்கப்பழம் கேட்கக் கேட்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று தெரியவில்லை.

"நான் உலகம் முழுக்கச் சுத்தினவன். ஒரு ரீலுக்காக இம்புட்டுப் பாடுபட்டவனைப் பார்த்ததில்ல. ஒரு வாரமா கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருக்கியே." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நான் வேற ஒண்ணும் கேக்கல. இந்த ரீலை எப்படிப் பார்த்துக்கிட்டீரோ, என் மகளையும் அப்படியே பார்த்துக்கிடணும்."

"அப்படியே செய்யுதேன் மாமா" என்றான் வெயிலுமுத்து. அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. விருந்துக்கு மிக்கேல் அண்ணாச்சிகூட வந்திருந்தார், ஊறுகாயை மட்டும் தொடவில்லை. சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் நார்த்தங்குளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆரத்தி எடுத்து முடிந்ததும் சுயம்புக்கனி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடு வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு புது ஜாடி நின்றது. அதற்கு ஏணி சாத்தியிருந்தது. கொம்பையா மேலே நின்று கல் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தான். மாசானம் கீழே நின்று, "மிளகாய்ப் பொடி போடாதல, புதுப் பொண்ணு, கண்ணு எரியும்" என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

"இது யாருக்கு?" என்று கேட்டாள் சுயம்புக்கனி.

வெயிலுமுத்து அவள் கையை அன்பாகப் பிடித்துக்கொண்டான்.

"மாமா சொன்னது. ஒண்ணும் கூட்டல, குறைக்கல. ஒரே ஒரு வாரம்தான் கனி. நடுவுல ரெண்டு நாள் மாடியில காயப் போடுவோம், காக்கா வராம நானே பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிடுதேன்."