அவசரக்குடுக்கை

முன்னொரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெயர் நமக்கு எதற்கு? அந்த நாட்டு ராஜா ஒரு நாள் காலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அவசரக்குடுக்கை என்றால் என்ன? அந்தப்புரத்தில் ஒரு குரல் சொல்லக் கேட்டோம்" என்றார்.

யாரைப் பார்த்துச் சொன்ன குரல் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. புலவர்கள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சேனாதிபதி வாளுறையைத் தடவினார். முன்பின் யோசிக்காமல் காரியம் செய்கிற ஆள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

விகடகவி பிச்சாண்டிக்கு ஒரு வியாதி உண்டு. சபை அமைதியானால் அவன் நாக்கு அரிக்கும்.

"அது ஒரு பாத்திரம், மன்னா!" என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ராஜா எப்போது சிரித்தாலும் அதற்குப் பிச்சாண்டியே காரணமாக இருப்பது பிரதானி தண்டபாணிக்கு ஆறு வருஷமாகப் பொறுக்கவில்லை. அவர் எழுந்தார். "பாத்திரம் என்றால் கொண்டுவந்து காட்டட்டும், பிரபு."

"மூன்று நாளில் காட்டு. இல்லையேல் நாடு கடத்துவோம்!" பிரதானி வாயை மூடுவதற்குள் ஆணை பிறந்துவிட்டது.

வீட்டில் அவன் மனைவி வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டது புலவருங்கள. பதில் சொன்னது நீங்க. அந்த நாக்கைச் செத்த நேரம் சும்மா வச்சிருந்தா என்ன?"

"வச்சிருக்கத்தான் நெனச்சேன். நெனக்கிறதுக்குள்ள அது போயிருச்சு."

வடிவு சட்டிபானைகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். பிச்சாண்டி யோசிக்க உட்கார்ந்தான். பழக்கமில்லாத வேலை, தலை வலித்தது. அடுப்பங்கரையில் தொங்கிய சுரைக்குடுக்கையைப் பார்த்தபோதுதான் வலி விட்டது.

மூன்றாம் நாள் அதே குடுக்கையைப் பட்டுத்துணியில் சுற்றி, வாயை மெழுகால் அடைத்துச் சபைக்குக் கொண்டுவந்தான்.

"மன்னா, கேட்ட பொருள் இதோ. ஆனால் திறக்குமுன் ஒரு வார்த்தை..."

"ஏமாற்று வேலை! உள்ளே ஒன்றும் இராது!" பிரதானி பாய்ந்து வந்து குடுக்கையைப் பிடுங்கினார். மெழுகைப் பெயர்த்தார். தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார்.

கரியைக் குழைத்த எண்ணெய் தலைப்பாகையில் இறங்கி, மீசையில் வழிந்து, வெண்பட்டு அங்கவஸ்திரத்தில் ஓடியது.

"உள்ளே கரியெண்ணெய் இருக்கிறது, கவிழ்த்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றான் பிச்சாண்டி. "மன்னா, குடுக்கையை நான் கொண்டுவந்தேன். அவசரத்தைப் பிரதானி கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து தங்கள் முன் நிற்கிறது."

சபை வாயைப் பொத்திக்கொண்டது.

"ஆனாலும் பிரதானியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தச் சபையில் அப்படி மூவர் இருக்கிறோம். முதல் குடுக்கை அடியேன்; யோசிக்குமுன்பே பதில் சொன்னவன். இரண்டாவது, கரி சொட்ட நிற்கிறவர். மூன்றாவது..."

ராஜாவின் புருவம் உயர்ந்தது. பிச்சாண்டி திறந்த வாயை மூடினான். நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"மூன்றாவது யார்?"

"அதை யோசித்துச் சொல்கிறேன், மன்னா. இப்போதுதான் பழகுகிறேன்."

ராஜா ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்க, கிரீடம் சரியச் சிரித்தார். "மகாராணி சொன்னபோது விளங்கவில்லை, இப்போது விளங்கிவிட்டது! உனக்கு என்ன வேண்..."

"யானை!" என்றான் பிச்சாண்டி.

அன்று மாலை வடிவு மூட்டைகளுடன் வாசலில் காத்திருந்தாள். தெருவையே அடைத்துக்கொண்டு யானை வந்தது. பின்னால் புருஷன் வந்தான்.

"நாடு கடத்துறதுக்கு யானை வேற குடுத்தா அனுப்புறாங்க?"

"இது பரிசுடி!"

வடிவு யானையை மேலும் கீழும் பார்த்தாள். அது அதற்குள் பாதிக் கூரையைத் தின்றிருந்தது.

"இதுக்குத் தீனி?"

பிச்சாண்டி மறுபடியும் யோசிக்க உட்கார்ந்தான்.