இரண்டு சுரைக்குடுக்கைகள்

ஒரு காட்டில், குழந்தைகளே, விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. பெரிய குகைதான் அது. தலைமை வைத்தியர் கரடி கைராசிக்காரர். ஆனால் மூக்கின்மேல் கோபம். "இங்கே தவறு செய்பவர் யாராயிருந்தாலும் அன்றைக்கே ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியதுதான்!" என்பார். ஆற்றுக்கு அப்பால் செந்நாய்க் கூட்டம் திரிந்தது. போனவர் யாரும் திரும்பியதில்லை.

அங்கே முறைவைத்து மருந்து ஊற்றிக் கொடுப்பவர் பலர். அவர்களில் ஒருத்தி கீரி. பொறுப்பானவள், பயந்த சுபாவம். கரடியின் காலடி ஓசை கேட்டாலே பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள்.

மருந்து மேடையில் இரண்டு சுரைக்குடுக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் காய்ச்சலுக்குக் குடிக்கும் கஷாயம். மற்றொன்றில் புண்ணுக்குப் பூசும் எட்டிச்சாறு. குடித்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு குடுக்கைகளும் ஒரே அளவு, ஒரே நிறம்.

அடைமழைக் காலம். குகை நிறையக் காய்ச்சல்காரர்கள். கீரிக்குத் தலை நிமிர நேரமில்லை. ஒரு காலை மானின் வாயருகே மருந்தைக் கொண்டுபோனவள், அதன் வாடை மூக்கில் ஏறியதும் கையைப் பின்னுக்கு இழுத்தாள். எட்டிச்சாறு! சட்டென்று மண்ணில் கொட்டிச் சருகைத் தள்ளி மூடினாள்.

'நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை' என்று நினைத்துக்கொண்டாள். கரடியிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் மருந்து ஊற்றும் முறை மயிலுடையது. மருந்து குடித்த சற்று நேரத்தில் முயல் துடித்தது. பின்னங்கால்கள் விறைத்துக்கொண்டன.

"காய்ச்சல் தலைக்கேறிவிட்டது! இன்னும் கஷாயம் கொண்டு வா!" என்று கத்தினார் கரடி.

மயில் அதே குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

கீரிக்குப் புரிந்துவிட்டது. சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார். பிறகு ஆறு. பிறகு செந்நாய்கள். சொல்லாவிட்டால் முயல் சாகும். ஐயோ பாவம், அவள் நிலைமை யாருக்கும் வரக்கூடாது!

முயலின் கண்கள் மேலே செருகின.

"கொடுக்காதே!" என்று அலறினாள் கீரி. "அது எட்டிச்சாறு! முந்தாநாள் எனக்கும் அப்படித்தான் மாறியது!"

கரடி குடுக்கையைத் தட்டிவிட்டார். கரித்தூளைக் கரைத்து முயலின் வாயில் புகட்டினார். பொழுது சாயும்வரை எல்லாரும் முயலைச் சுற்றி நின்றார்கள். முயல் பிழைத்தது. ஆனால் ஒரு பின்னங்கால் அன்றோடு போனது.

கரடி கீரியின் பக்கம் திரும்பினார். "தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாய்? அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கால் போயிருக்குமா?"

"போயிருக்காது ஐயா. ஆனால் நான் போயிருப்பேன்" என்றாள் கீரி.

கரடி முயலின் விறைத்த காலைப் பார்த்தார். "வேறு யாருக்காவது இப்படி மாறியதுண்டா? யாரையும் துரத்த மாட்டேன்" என்றார்.

பிறகு கொக்கு தயங்கித் தயங்கி ஓரடி முன்னால் வந்தது. பின்னாலேயே குரங்கு. அப்புறம் ஆமை, உடும்பு, இரண்டு காட்டுக்கோழிகள்.

"இத்தனை பேரா!" என்றார் கரடி. இங்கே தவறே நடக்காது என்று காடெல்லாம் மார்தட்டியவர் அவர். இப்போது முதல்முறையாக அவருக்கே பயம் வந்தது. அன்றைக்கே எட்டிச்சாற்றைக் கொட்டாங்கச்சிக்கு மாற்றி, குகையின் மறுகோடிக்குத் தம் கையாலேயே தூக்கிப் போனார்.

நீதி: தவறைச் சொன்னவரைத் தண்டித்தால் தவறு நிற்காது, ஒளிந்திருந்து அடுத்தவர் உயிரைக் கேட்கும்.