மண்டபத்துக்கு நூறு பாராட்டு

தென்காசியில் ஆவுடையப்பனுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அங்கே கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று வந்துபோனவர்கள் இணையத்தில் திட்டி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக் கொதித்துப்போனவர், கணினியில் புக்கிங் பார்க்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, சாயங்காலத்துக்குள்ள நம்ம மண்டபத்தைப் புகழ்ந்து நூறு பேர் எழுதியிருக்கணும்.”

“நூறு பேருக்கு எங்க போக, முதலாளி?”

“ஊர்ல பேருக்கா பஞ்சம்? இங்க கல்யாணம் நடத்தினவங்க பேரைப் போட்டு நீயே எழுது. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்.”

ஸ்டெல்லா கணினி முன் உட்கார்ந்தாள். முதல் பாராட்டை எழுதியதும் போனை எடுத்தாள்.

“யாருக்குட்டி போன்?”

“பேருக்குரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் முதலாளி. கேக்காமப் போட்டா கள்ளக் கையெழுத்துல்லா?”

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் படித்தாள். “‘என் மகள் கல்யாணத்தை இங்கேதான் நடத்தினேன். கழிப்பறையில் தண்ணீர் குற்றால அருவி மாதிரி கொட்டியது.’ உங்க பேர்ல போடட்டுமாம்மா?”

“அருவியா?” என்று வெடித்தது குரல். “பட்டுச்சேலையோட சம்பந்தியம்மாவுக்கு வாளியில தண்ணி சுமந்தவ நான்! எந்தக் கூறுகெட்டவன் என் பேர்ல பொய் எழுதச் சொன்னான்?”

பேசியது ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள்.

“முதலாளிதாம்மா. பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கட்டுமா?”

வேண்டாமென்று கையாட்டிவிட்டு அவர் பிளம்பரைத் தேடி ஓடினார். ஸ்டெல்லாவின் வேலையைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் தண்ணீர் வந்தது. உலகம்மாள் நேரில் வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் போனிலேயே எழுதினாள்:

“கழிப்பறை திருந்திவிட்டது. மண்டபத்துக்காரர் திருந்தியதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்று நட்சத்திரம்.”