மென்காலன் நடந்த பாதை

கடல் மலைகளைப் பிளந்துகொண்டு வெகுதூரம் உள்ளே நுழைந்திருக்கும் ஒரு குளிர்நாட்டில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பனியாறு கிடந்தது. ஆறு என்றால் ஓடுகிற ஆறு அல்ல. மலை உயரத்துக்கு இறுகிக் கிடக்கும் பனிக்கட்டி. அதில் பத்துப் பனை ஆழத்துக்கு வெடிப்புகள் உண்டு. புதுப்பனி பெய்தால் வெடிப்பின் வாய் மூடிப் போகும். மேலே பார்த்தால் தரை மாதிரி இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பனியாற்றைத் தாண்டி அக்கரை மலைக்கு மேயப் போகிற மான், முயல் போன்றவற்றுக்கு ஒரு கரடி வழிகாட்டி வந்தது. கரடி மானைத் தின்னாதா என்று கேட்பீர்கள். பனியாற்றின் மேல் யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. கரடி ஒரு நீளக் கழியால் ஒவ்வோர் அடிக்கும் பனியைக் குத்திப் பார்க்கும். கெட்டி என்று தெரிந்த பிறகுதான் கால் வைக்கும். அதனால் அக்கரை சேர இரண்டு நாள் பிடிக்கும்.

மென்காலன் என்ற வெள்ளை நரிக்கு இந்த ஆமை நடை பொறுக்கவில்லை. "என் தடத்துல கால் வச்சு வாங்க, அரைநாள்ல கொண்டுபோய் விடுறேன்" என்று அது கிளம்பியது. முதலில் முயல்களைக் கூட்டிப் போனது. பிறகு அணில்களை, எலிகளை. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. நரியின் புகழ் ஊரெல்லாம் பரவியது, கரடியைத் தேடி யாரும் வரவில்லை.

நரி என்றதும் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நரி யாரையும் ஏமாற்றவில்லை. தான் சொன்னதைத் தானே முழுசாக நம்பியது. அதுதான் இதில் கொடுமை.

அந்த வருஷம் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மழை பெய்து, பெய்த மழை அப்படியே உறைந்துபோனது. இக்கரையில் மான்கள் மேயும் பாசியெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மான்கள் குளம்பு தேயச் சுரண்டியும் ஒரு வாய் கிடைக்கவில்லை. அதன் பிறகு மூன்று நாள் விடாமல் புதுப்பனி கொட்டியது. நான்காம் நாள் கருங்கொம்பி என்ற பெண்மான் தன் குட்டியோடு நரியிடம் வந்தது. அந்த நாட்டில் பெண்மானுக்கும் கொம்பு உண்டு.

"தம்பி, எனக்குப் பால் வத்திப்போச்சு. கரடியண்ணன் கூடப் போனா ரெண்டு நாளாகும். இவன் தாங்க மாட்டான்."

"மதியத்துக்குள்ள அக்கரையில மேய்ஞ்சுட்டு இருப்பீங்க அக்கா" என்றது நரி.

கரடி கழியோடு வந்து நின்றது. "மென்காலா, இவங்க முயலு இல்லப்பா. குத்திப் பார்த்துக் கூட்டிட்டுப் போ. இந்தா, கழியை வச்சுக்கோ."

நரிக்குச் சுருக்கென்றது. முயல்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன. இப்போது கழியை வாங்கினால் இத்தனை நாள் எடுத்த பேர் என்ன ஆவது?

"நேத்து அக்கரை போயிட்டு இன்னிக்குக் காலையிலதான் அண்ணே திரும்பினேன். நான் விழலியே. அதுக்கு மேல என்ன வேணும்?"

கருங்கொம்பி கழியைப் பார்த்தது. குட்டியின் விலா எலும்புகளைப் பார்த்தது. "போலாம் தம்பி" என்றது.

முன்னால் நரி, நடுவில் குட்டி, கடைசியில் தாய். பாதி தூரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஓர் இடத்தில் நரி நடந்தது, பனி தாங்கியது. குட்டி நடந்தது, அப்போதும் தாங்கியது. பின்னால் 'பொதுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நரி திரும்பிப் பார்த்தபோது தாய் நின்ற இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

நரி விளிம்பு வரை ஊர்ந்து போனது. வெகு ஆழத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அவன் மேலதான இருக்கான்?"

"இருக்கான் அக்கா."

"எட்டிப் பார்க்க விட்டுடாத."

நரி ஓடிப்போய்க் குட்டியை மறித்துக்கொண்டு, கரடியை அழைத்து ஊளையிட்டது. தொண்டை கிழிய ஊளையிட்டது. தொலைவில் கரடி கிளம்புவது தெரிந்தது. குத்தி, கால் வைத்து, குத்தி, கால் வைத்து வந்தது.

"சீக்கிரம் வாங்கண்ணே!"

"ஓடி வந்தா நானும் உள்ளதான் போவேன்" என்றது கரடி.

வெடிப்பைச் சுற்றிக்கொண்டு அது வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்கு வெகு முன்பே அடியில் குரல் நின்றுபோயிருந்தது. கரடி கழியை உள்ளே விட்டுப் பார்த்தது. கழி எதிலும் படவில்லை.

"வாடா கண்ணு, என் பின்னால வா. அக்கரையில உங்க மான்கூட்டம் ஒண்ணு இருக்கு" என்று நரி கூப்பிட்டது.

குட்டி நரியின் தடத்தில் கால் வைக்கவில்லை. கரடியிடம் போய் ஒட்டிக்கொண்டது. கரடி கழியை வெளியே எடுத்தது. பனியைக் குத்திக்கொண்டே குட்டியை மெதுவாக அக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனது.

நரி மறுபடியும் ஓட்டையின் விளிம்புக்குப் போய் உட்கார்ந்தது. தானும் உள்ளே விழுந்துவிடலாம் என்று அந்த மெல்லிய பனியை முன்கால்களால் மிதித்தது. எழுந்து குதித்தது. அதன் பாரத்துக்கு அங்கே ஒரு பொடிப் பனிகூட உதிரவில்லை.

தன்னைத் தாங்கிய பாதை எல்லோரையும் தாங்கும் என்று நினைக்கிறவர், பிறருக்கு வழிகாட்டப் போகக் கூடாது.